இறங்க வேண்டியதில்லை

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன, வயிறு மட்டும் இன்னும் படகை விட்டு இறங்கவில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? மருந்தைக் குடிக்கிறாயா, இல்லை ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றுகிறாயா?

முதல் ஊரின் தாளை முடித்துவிட்டேன். உன் பயணக் கையேட்டைச் சோதித்துப் பார்க்க நீ போட்ட விதிப்படியே நடந்தேன். தாளில் நீ எழுதியிருப்பதை மட்டும் செய்ய வேண்டும், யாரிடமும் வழி கேட்கக் கூடாது, தொலைந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். இப்போது தாளைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. அதிலும் அந்த மூன்றாம் பத்தி! 'மீன் வாடை வரும் இடத்தில் இடப்பக்கம் திரும்பவும்.' அறிவுக்கொழுந்தே, இந்த ஊர் முழுக்க மீன் வாடைதான். ஒவ்வொரு வாடைக்கும் இடப்பக்கம் திரும்பித் திரும்பி, கயிறு திரிக்கும் கொட்டகையையே சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கே வேலை செய்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். "யாரைத் தேடுறீங்க?" என்றாள். "சொல்லக் கூடாது" என்றேன். பாவம், பயந்துவிட்டாள்.

சொந்தக் கல்யாணத்தன்று பக்கத்து மண்டபத்தில் போய் உட்கார்ந்தவள் நான். 'எங்க அக்காவே தொலையாத வழியில் உலகத்தில் யாரும் தொலைய மாட்டார்கள்' என்று பதிப்பாளரிடம் பெருமை அடித்தாயே, அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்துக் கொடுத்து மரத்துப்போனவளுக்கு இந்த நீண்ட விடுப்பு தேனாக இனிக்கிறது.

இங்கே படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டைத்தான் வீட்டுக்கும் அடிக்கிறார்கள். தூரத்தில் படகு தெரியும்போதே எந்த வீட்டு ஆள் வருகிறார் என்று சொல்லிவிடலாம். இதை நீ எழுதவே இல்லை. எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நானும் வீடும் உன் செடிகளும் சௌக்கியம். இருமல் போய்விட்டது. உன் வயிறு கரை இறங்கியதா என்று எழுது.

மீன் வாடையை எடுத்துவிட்டு, 'ஐஸ் தொழிற்சாலையின் தகரக் கூரை தெரியும் இடத்தில்' என்று மாற்றியிருக்கிறேன். பெயின்ட் விஷயத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

இனி தீவுகள். உப்புத் தீவுக்கும் ஆட்டுத் தீவுக்கும் சின்னப் படகு. அவற்றை முடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பி, மார்ச் கடைசியில் விளக்குத் தீவுக்குப் பெரிய படகில் போக வேண்டும். வலப்பக்க இருக்கையில் உட்கார், குலுக்கல் குறைவு. ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள். வழியில் வால் தீவில் தபால் மூட்டை இறக்கப் பத்து நிமிடம் நிற்பார்கள். அங்கே இறங்க வேண்டியதில்லை. விளக்குத் தீவு வந்ததும் மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் இறங்கு. அதற்கு முன் எதற்காகவும் எழுந்திருக்காதே.

உன் கைப்பையின் உள்ளறையில் நம் வீட்டு விலாசம் எழுதிய சீட்டு வைத்திருக்கிறேன். தொப்பியை மறக்காதே.

என்றும் அன்புள்ள,
தம்பி

மார்ச் 2

என் அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். முகம் கறுத்து மூக்குத் தோல் உரிந்துவிட்டது. இப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் என்னையே வரிசையில் நிற்கச் சொல்வார்.

உப்புத் தீவில் ஒரு வாரம் இருந்தேன். பாத்திகளுக்கு நடுவே ஒற்றை வரப்பு. அதில் நடந்தால் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் வானம் கிடக்கிறது. உப்பு வாருகிறவர்கள் பழைய டயரை வெட்டிச் செருப்பாகக் கட்டியிருக்கிறார்கள். எனக்கும் ஒரு ஜோடி கட்டிக் கொடுத்தார்கள். ஆட்டுத் தீவில் மனிதர்கள் இல்லை. ஆடுகளைத் தை மாதத்தில் படகில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மழைக்கு முன் ஏற்றிப் போவார்களாம். நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து ஒரு கிடா வந்து உன் தாளின் ஓரத்தைத் தின்றுவிட்டது. திருத்தம் என்று எடுத்துக்கொள்.

இப்போது ஒரு கேள்வி. ஆளே இல்லாத ஆட்டுத் தீவுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எந்தப் பாறையில் எப்போது நிழல் விழும் என்பதுகூட அதில் இருக்கிறது. வால் தீவில் கடை, பள்ளிக்கூடம், படகு பழுது பார்க்கும் பட்டறை எல்லாம் இருக்கிறதாம், படகுக்காரர் சொன்னார். (நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.) அதற்கு உன் தாளில் இருப்பது ஒரே வரி, 'இறங்க வேண்டியதில்லை.' இதென்னடா கணக்கு? ஒரு கல்லைப் பார்த்தாலும் அரைப் பக்கம் எழுதுகிறவனாயிற்றே நீ! அங்கே என்ன, பேய் பிசாசா?

பதில் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 13

அன்பு அக்காவுக்கு,

நான் நலமே. உன் மூக்குத் தோல் விஷயம் கவலை தந்தது. எண்ணெய் தடவு, தொப்பியைக் கழற்றாதே.

டயர் செருப்பை விளக்குத் தீவில் போடாதே, படிகள் பாசி பிடித்தவை. கோபுரத்துக்குள் கைப்பிடி இடப்பக்கம் மட்டும்தான் உண்டு. ஏறும்போது இடக்கையால் பிடி. இறங்கும்போது அது வலக்கைப் பக்கம் வரும். குழம்பாதே, அதே கைப்பிடிதான். உச்சியில் காவலாளி டீ கொடுப்பார். சர்க்கரையை அள்ளிப் போடுவார், முன்கூட்டியே சொல்லிவிடு. கிடா தின்ற பகுதியை மறுபடி எழுதி இணைத்திருக்கிறேன்.

வீட்டில் குழாய் ஒழுகியது, சரிசெய்துவிட்டேன். மாடியில் கொடிக் கயிறு புதிதாகக் கட்டியிருக்கிறேன். பதிப்பாளர் உன்னை விசாரித்தார். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

என்றும் அன்புள்ள,
தம்பி

மார்ச் 30

தம்பி,

சாப்பாடு, தூக்கம் எல்லாம் எனக்கு நன்றாகவே நடக்கிறது. உனக்கும் நடக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நடக்குமா என்று தெரியவில்லை.

நான் வால் தீவில் இருக்கிறேன்.

கோபப்படாதே, நீ எழுதினபடிதான் செய்தேன். கண்ணை மூடி, வாயை மூடி, பெட்டியைக் கட்டிக்கொண்டு வலப்பக்க இருக்கையில் கிடந்தேன். மணி அடித்தது. இறங்கினேன். விளக்குத் தீவுத் தாளை விரித்துக்கொண்டு கோபுரத்தைத் தேடினேன். 'படகுத்துறையில் நின்று தலையை நிமிர்த்தினால் தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். நிமிர்த்தினேன், தெரியவில்லை. நமக்கு இது வழக்கம்தானே என்று தீவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். ஒரு கோபுரம் எங்கேதான் போய் ஒளிந்துகொள்ளும்? சிவப்புப் பென்சில் பாதி தேய்ந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், நடுக்கடலில் இன்ஜின் மக்கர் செய்திருக்கிறது. வால் தீவில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடத்தான் படகுக்காரர் அந்த மணியை அடித்திருக்கிறார்.

திரும்பி வந்து பார்த்தால், படகின் வயிற்றுக்குள் இடுப்புவரை இறங்கி, ஒரு பெண் ஸ்பானரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில், முழங்கைவரை கிரீஸ். நிமிர்ந்தவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"இது அவர் கையெழுத்தாச்சே!"

"எவர்?"

"எதைப் பார்த்தாலும் இடப்பக்கம் வலப்பக்கம்னு எழுதிக்கிட்டே இருப்பாரே, அவர்."

தரையில் நின்றபடியே எனக்குத் தலை சுற்றியது. "நான் அவனோட அக்கா" என்றேன். அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க ஊரைப் பத்தி என்ன எழுதியிருக்கார்?" என்றாள். காட்டினேன், வேறென்ன செய்வது? படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சரியாத்தான் எழுதியிருக்கார். இங்க இறங்கினா திரும்பி ஏறுறது கஷ்டம்" என்றாள்.

படகு சரியாகிக் கிளம்பியது. நான் ஏறவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐந்து வாரம் பட்டறைக்கு மேலே இருக்கும் அறையில் வாடகைக்கு இருந்தாயாமே? விளக்குத் தீவில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறேன் என்று அப்போது எனக்கு எழுதினாய். உன்னை நினைத்து எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் தெரியுமா? "காய்ச்சலா? ஒரு நாளைக்கு மூணு தடவை கடல்ல குதிச்சுக்கிட்டிருந்தார்" என்கிறாள் இவள்.

அதே அறையைத்தான் எனக்கும் கொடுத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் தீவின் வால் தெரிகிறது. மணல் மெலிந்து மெலிந்து போய்க் கடலுக்குள் முடிகிறது. சாயங்காலம் ஊரே அதன் மேல் நடக்கப் போகிறது. இந்த இடத்தில் இறங்க வேண்டியதில்லையா? என்னடா நடந்தது? மறைக்காமல் எழுது.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நான் நலம். வேலை மிகுதியால் பதில் எழுதத் தாமதமாயிற்று.

'மணி அடித்ததும்' என்பதை எடுத்துவிட்டு, 'கோபுரம் கண்ணில் பட்டதும்' என்று திருத்திவிட்டேன். சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அடுத்த படகில் விளக்குத் தீவுக்குப் போய்விடு. மழைக்கு முன் தெற்கு ஊர்களை முடிக்க வேண்டும்.

தம்பி

பி.கு.: அந்த அறையின் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டாது. காற்றடித்தால் கயிறு போட்டுக் கட்டு.

மே 3

என் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்கு என்ன என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இத்தனை நாள் காக்கவைத்துவிட்டு, கோபுரம் கண்ணில் பட்டதும் இறங்கு என்று எழுதுகிறாய். நீ வாயைத் திறக்கமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. அதனால் அவளையே கேட்டுவிட்டேன்.

படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நாத்தனாரா கேக்குறீங்களா, வாடகைக்கு இருக்கறவங்களா கேக்குறீங்களா?" என்றாள். "நாத்தனாராத்தான்" என்றேன். "அப்ப நீங்களும் சுரண்டுங்க" என்று என் கையில் ஒரு சுரண்டியைத் திணித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

"நான்தான் கேட்டேன், இங்கேயே இருந்துடுங்கன்னு. அவருக்கும் ஆசைதான், மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. ஆனா முடியாதுன்னுட்டார்."

"ஏன்?"

"அக்காவுக்கு வழி தெரியாதுன்னார்."

"எந்த வழி?"

"எந்த வழியும்னார். அத்தான் போனதுக்கப்புறம், இவர் சீட்டு எழுதித் தராம நீங்க தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீங்களாம். அப்ப அக்காவையும் கூட்டிட்டு வாங்கன்னேன். இங்க வந்தா கடல்ல நடந்து போயிடுவாளேன்னார்."

சுரண்டியை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அப்படியொரு கோபம்! நான் உன்னைக் கேட்டேனா? உன் வாழ்க்கையை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு எனக்குக் காவல் இரு என்று என்றைக்காவது சொன்னேனா? ஆறு வருஷமாக, பால் வாங்கக் கிளம்பினால்கூட வழி எழுதிய சீட்டோடு வாசலில் நிற்பாய். பாசம் என்று வாங்கிக்கொண்டேன். பாசம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இவளை விட்டுவிட்டு வந்துதான் அதைக் கொடுத்தாய் என்றால், எனக்கு அது வேண்டாம்டா.

மிச்சத் தாள்களை இந்தத் தபாலிலேயே திருப்பி அனுப்புகிறேன். தெற்கு ஊர்களுக்கு நானாகவே போகப் போகிறேன். கைப்பையில் இருந்த விலாசச் சீட்டையும் உள்ளே வைத்திருக்கிறேன். நம் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நாளை விளக்குத் தீவுக்குப் போகிறேன். பதிலை அங்கே தபால் நிலையத்துக்கு எழுது.

உன் அக்கா

மே 14

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும், இப்போது எனக்கு வேறு கவலை இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து தாள்கள் இல்லாமல் எங்கும் போகாதே. தெற்கே பாதைகள் மோசம், பஸ் நிற்கும் இடத்தில் பலகைகூடக் கிடையாது. விளக்குத் தீவிலேயே இரு. சரி என்று ஒரு வரி எழுது, அடுத்த படகில் வந்து கூட்டிப் போகிறேன்.

அவள் சொன்னதெல்லாம் உண்மை. வழியைத் தவிர வேறு எதையும் எனக்கு எழுத வராது, உனக்கே தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

நீ கோபப்படு. ஆனால் அத்தான் இறந்த மாதத்தில் நடந்ததை நீ மறந்துவிட்டாய், என்னால் முடியவில்லை. பால் வாங்கப் போனவள் இருட்டிய பிறகும் வரவில்லை. தெருத் தெருவாகத் தேடி, கடைசியில் ஊரின் மறுகோடியில் பஸ் டிப்போவில் கண்டுபிடித்தேன். பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். 'வழி தெரியலையா அக்கா?' என்று கேட்டேன். தலையாட்டினாய். அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. இனி உன்னைத் தொலைய விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அதை ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. வால் தீவில் முடியாது என்று சொன்ன அன்றைக்கு மட்டும் கஷ்டமாக இருந்தது.

தம்பி

ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

முதலில் சாப்பிடு, பிறகு படி. நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக இருந்து வெகுகாலம் ஆயிற்று.

உன் கடிதம் கிடைத்த அன்றே கோபுரத்தில் ஏறி, சர்க்கரைப் பாகு மாதிரி ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தெற்கே கிளம்பிவிட்டேன். தொலைந்தேனா? தொலைந்தேன். முதல் ஊரிலேயே தங்குமிடத்தைத் தேடிப் போய் படகு கட்டும் இடத்தில் நின்றேன். அங்கே இருந்த தச்சரிடம் வழி கேட்டேன். சொன்னார், தம்பி! அவ்வளவுதான் விஷயம். கேட்டால் சொல்கிறார்கள். சிலர் கூடவே வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் தப்பாகச் சொன்னார். அந்தத் தப்பு வழியில் போனால், பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டி வளைகுடா. அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெரிகிறது. முழங்கால்வரை இறங்கி நின்றுவிட்டு வந்தேன். யாரையும் கேட்கக் கூடாது என்ற உன் விதியோடு நடந்து நடந்து, இதெல்லாம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நேற்று, கடல் உள்வாங்கும்போது மட்டும் நடந்து போகக்கூடிய ஒரு தீவுக்குப் போனேன். எப்போது போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று வலை உலர்த்துகிறவர்களிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். கடலில் நடந்து போய்விடுவேன் என்றாயாமே? போனேன். திரும்பியும் வந்தேன்.

இனி டிப்போ விஷயம். நான் எதையும் மறக்கவில்லை. அன்று நான் வழி தவறவில்லை, தம்பி. அந்த டிப்போ எனக்கு நன்றாகத் தெரியும், உன் அத்தான் வேலை முடிந்து பஸ் மாறுகிற இடம். அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்ப எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வழக்கமாக வருகிற பஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், போனது. அதன் பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரத்தில் நீ வந்து வழி தெரியலையா என்று கேட்டாய். ஆமாம் என்று தலையாட்டுவது சுலபமாக இருந்தது. அந்த ஒரு தலையாட்டலை நம்பி ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறாய். எனக்குத் துக்கம்தான் இருந்தது, தம்பி. அது இப்போது நடக்கிற அளவுக்கு ஆறிவிட்டது.

என்னைத் தேடி வராதே. அடுத்த விலாசத்தை உனக்கு எழுதப் போவதில்லை. வருவதென்றால் வால் தீவுக்கு வா. அவள் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள் என்று கனவு காணாதே. அவளுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நான் கிளம்பும்போது உன்னைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இன்னும் படகுல வாந்தி எடுக்கறாரா?" இன்னும் எடுக்கிறான் என்றேன்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்,
அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே நான் சுகம். நீங்களும் சுகமாக, நனையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கிரீஸ் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி போன வியாழக்கிழமைப் படகில் வந்தார். ஆமாம், எடுத்தார். வெளிறிப்போன முகத்தோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். ஏதாவது சொல்லுவார் என்று நானும் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா எங்க இருக்கா?" என்றார்.

நீங்கள் அனுப்பிய விலாசம் என் மேசைமேல்தான் கிடந்தது. "தெரியாது" என்றேன். "தெற்க எங்கேயோ சுத்திக்கிட்டிருக்காங்க."

அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினார். படகு இன்னும் நின்றுகொண்டிருந்தது. நான் பின்னால் போகவில்லை. ஒரு தடவை கேட்டாயிற்று, இன்னொரு தடவை கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. உள்ளே போய் ஒரு பம்பைக் கழற்ற ஆரம்பித்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒரே போல்ட்டை மூன்று தடவை கழற்றி மாட்டினேன். படகு கிளம்புகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து போகிறவரைக்கும் நான் தலை நிமிரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பம்பின் மேல் நிழல் விழுந்தது. பார்த்தால் வாசலில் நிற்கிறார். பை கீழே இருந்தது.

"அக்கா யாரையாவது கேட்டுப் போய்க்குவா" என்றார்.

பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுக்கச் சொன்னேன். தப்பான நம்பரை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்